ஏரி மிதவைக் கருவி: ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், பொறுப்புகளை எப்படிப் பிரிப்பது?

அல்சூர்_கரை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, வணக்கம். பெங்களூரு அல்சூர் ஏரியில் மிதக்கவிட்டு நீரின் தரத்தை அளக்கும் கருவி ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து செய்துவருவது இங்கே பலருக்குத் தெரியும். வெப்பநிலை, பிஎச், கலங்கல், கரைந்த ஆக்சிஜன் நான்கையும் அளக்கும். 2016 மார்ச்சில் இந்த ஏரியில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்கு இது எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. சர்க்யூட், ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் நிரல்), மிதவையின் வரைபடம் எல்லாமே திறந்த உரிமத்தில்தான் வெளிவரும். பெல்லந்தூரிலோ மதுரை வண்டியூரிலோ யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம்.

முதல் போர்டு, அதாவது ரிவிஷன் ஏ, மேசைமேல் ஓடுகிறது. அடுத்து ரிவிஷன் பி. இந்த நேரத்தில் செய்தி பரவி, நிறையப் பேர் உதவ வந்துவிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் தினமும் "நான் என்ன செய்யட்டும்?" என்ற கேள்வி வருகிறது, யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஒரே மிதவையை இரண்டு பேர் தனித்தனியாக வரைந்து வைத்திருக்கிறார்கள். சென்சார் வாங்க ஒருவரும் போகவில்லை.

அதனால் ஒரு பட்டியல் போட்டேன்: திட்டத் தலைவர், ஹார்டுவேர் தலைவர், ஃபர்ம்வேர் தலைவர், ஆவணத் தலைவர், ஒவ்வொருவருக்கும் கீழே ஐந்தாறு பேர். இது சரிப்பட்டு வருமா? இப்படிப்பட்ட வேலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

கிகேட்_பையன்

அக்கா, ஹார்டுவேர் தலைவருக்குக் கீழே ஆறு பேர் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஆறு பேரும் ஒரே போர்டைத் திறந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நாம் போர்டு வரையும் மென்பொருள் கிகேட். அதன் போர்டு கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். கிட்டில், அதாவது மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளில், போடலாம், எந்த வரி மாறியது என்றும் பார்க்கலாம். ஆனால் நான் பவர் பகுதியில் நான்கு செம்பு டிராக்கை நகர்த்தும் அதே நேரத்தில் நீங்கள் சென்சார் கனெக்டரை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்தால், இரண்டையும் சேர்க்கும்போது வெறும் எண்களாக வரிக்கு வரி மோதும். அதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்வது ஆகாத காரியம். யாராவது ஒருவருடைய வேலையைத் தூக்கிப்போட வேண்டியதுதான். மிதவையை வரையும் ஃப்ரீகேட் கோப்பு அதைவிட மோசம், உள்ளுக்குள் அது ஒரு ஸிப் கோப்பு.

ஆகவே ஒரு நேரத்தில் போர்டு ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். எடுக்கும்போது "போர்டு என்னிடம்" என்று குழுவில் ஒரு வரி, முடித்ததும் "விட்டுவிட்டேன்" என்று ஒரு வரி. மற்ற ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஸ்கீமாட்டிக்கை, அதாவது இணைப்பு வரைபடத்தை, பவர், சென்சார், ரேடியோ என்று தாள் தாளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் தனிக் கோப்பு, ஆளுக்கு ஒன்று எடுக்கலாம். ஃபுட்பிரிண்ட், அதாவது ஒவ்வொரு உதிரிக்கும் போர்டில் உள்ள கால்தடம், சரிபார்ப்பது இன்னொருவர் வேலை. போர்டை அசல் அளவில் காகிதத்தில் அச்சிட்டு, வாங்கிய உதிரியை அதன்மேல் வைத்து, கால்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும். இதைச் செய்யாமல் போர்டு ஆர்டர் போட்டுவிட்டு, வந்தபிறகு கனெக்டர் தலைகீழாக உட்காரும் கதை எல்லாக் குழுவிலும் உண்டு.

ஒயிட்ஃபீல்டு_ஃபர்ம்வேர்

தம்பி சொல்வது சரி. போர்டுக்கு உள்ளே மோதுவதைவிட, இரண்டு வேலைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் எனக்குப் பயம் அதிகம்.

ரிவிஷன் ஏவில் நடந்தது இது. ஸ்கீமாட்டிக் போட்டவர் பிஎச் சென்சாரை, கருவியின் மூளையான ஈஎஸ்பி32 சிப்பின் ஒரு அனலாக் பின்னில் கொடுத்தார். டிராக் இழுக்க வசதியான பின், வேறு காரணம் இல்லை. ஃபர்ம்வேர் எழுதியவர் மேசையில் வைத்துச் சோதித்தார், அளவு அழகாக வந்தது. பிறகு வைஃபையை இயக்கினார், பிஎச் அளவு நின்றுபோனது. இருவரும் கெட்டிக்காரர்கள். அந்தச் சிப்பில் ஏடிசி2 என்ற பிரிவில் உள்ள பின்களை வைஃபை ஓடும்போது பயன்படுத்த முடியாது. ஏடிசி1 பின்கள், அதாவது 32 முதல் 39 வரை உள்ளவை, எப்போதும் கிடைக்கும். ஒருவருக்கு இது தெரியும், ஆனால் எந்தப் பின் போகிறது என்று தெரியாது. மற்றவருக்குப் பின் தெரியும், இந்த விதி தெரியாது. அந்தப் பின்னை வெட்டி, மெல்லிய கம்பி ஒட்டித்தான் இன்றைக்கும் அந்த போர்டு ஓடுகிறது.

"ஹார்டுவேர் தலைவர்", "ஃபர்ம்வேர் தலைவர்" என்று இரண்டு பெட்டி போட்டால் இந்தப் பிரச்சினை இரண்டு பெட்டிக்கும் நடுவில் விழுந்துவிடும். பின் மேப் என்று ஒரு கோப்பு இருக்கட்டும். எந்தப் பின், எதற்கு, ஏன் அந்தப் பின், மூன்று பத்திகள் போதும். அதற்கு ஒருவர் பொறுப்பு. அவர் சரி என்று சொல்லாமல் ஸ்கீமாட்டிக்கிலும் மாறக் கூடாது, நிரலிலும் மாறக் கூடாது. ரிவிஷன் பியில் லோரா என்ற நெடுந்தூர ரேடியோ மாட்யூலும் சேர்கிறது. அது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓட வேண்டும், ஆண்டெனாவும் அதற்கானதாக இருக்க வேண்டும். 433க்கான மாட்யூலை யாராவது மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிடுவார்கள். அதையும் அதே கோப்பில் எழுதிவிடலாம்.

பீன்யா_ஃபிட்டர்

அம்மா, நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை. பீன்யாவில் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தவன், உங்கள் மிதவைக்கு மூடி கடைந்து கொடுத்தது நான்தான். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

தலைவர் பட்டமே வேண்டாம். பட்டம் கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவது முடியாது. ஒருவருக்கு மாற்றல் வரும், கல்யாணம் வரும், ஆபீஸில் ரிலீஸ் என்று மூன்று மாதம் தலைகாட்ட மாட்டார். ஆனாலும் அவர்தான் தலைவர். அவரைக் கேட்காமல் யாரும் தொட மாட்டார்கள், அவரும் வர மாட்டார்.

எங்கள் ஷாப்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜாப் கார்டு உண்டு. எந்த டிராயிங், எந்த ரிவிஷன், எந்த ஆப்பரேஷன், யார் செய்வது, யார் அளந்து பார்ப்பது என்று அதில் இருக்கும். பீஸ் முடிந்தால் கார்டு முடிந்தது. அடுத்த ரிவிஷனுக்குப் புதுக் கார்டு. அதே ஆள் திரும்ப எடுத்தால் எடுக்கட்டும், ஆனால் எடுக்கிறேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும்.

நீங்களும் பொறுப்பை ரிவிஷன் பிக்கு மட்டும் கொடுங்கள். ரிவிஷன் பி வெளியானதும் எல்லாப் பொறுப்பும் தானாகக் காலாவதி. தொடர விரும்புகிறவர் ரிவிஷன் சிக்குக் கை தூக்கட்டும். விலகுகிறவருக்கும் கௌரவமாக விலக ஒரு வாசல் கிடைக்கும்.

இரண்டாவது, செய்கிறவரும் அளக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது.

கட்டற்றவன்

ஐயா மீது மரியாதை உண்டு. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. திறந்த திட்டம் என்பதே யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும் தொடலாம் என்பதுதான். ஜாப் கார்டு, பூட்டு, அனுமதி என்று போனால் அது ஒரு கம்பெனி, சம்பளம் மட்டும் இல்லாத கம்பெனி. நான் பல வருடமாகக் கட்டற்ற மென்பொருளில் இருக்கிறேன். எங்கே ஓட்டை தெரிகிறதோ அங்கே ஒருவர் பேட்ச் அனுப்புவார், பராமரிப்பவர் பார்த்துச் சேர்ப்பார். யாருக்கும் யாரும் வேலை ஒதுக்குவதில்லை. ஆர்வம் இருப்பவர் வருவார். கார்டு போட்டால் ஆர்வம் போய்விடும்.

ரெப்ராப் என்ற திறந்த 3டி பிரிண்டர் திட்டத்தைப் பாருங்கள். 2005இல் பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கினார். டிசைனை வெளியே விட்டார். உலகம் முழுக்க ஆட்கள் எடுத்தார்கள், மாற்றினார்கள், பிரிந்தார்கள். இன்று வீட்டில் வைத்திருக்கும் 3டி பிரிண்டர்களில் பல அந்த வம்சம்தான் என்று சொல்லுமளவுக்குப் பரவிவிட்டது. யார் யாருக்குக் கார்டு கொடுத்தார்கள்?

ஒயிட்ஃபீல்டு_ஃபர்ம்வேர்

அண்ணா, மென்பொருளில் தப்பான பேட்சைத் திரும்ப எடுக்க ஒரு கட்டளை போதும். தப்பான போர்டைத் திரும்ப எடுக்க முடியாது. போர்டு செய்யும் ஃபேப் ஆலைக்குப் போய், கூரியரில் வந்து, கஸ்டம்ஸில் நின்று, உதிரி வாங்கி, சாலிடர் செய்து, அப்புறம்தான் தப்பு என்றே தெரியும். நடுவில் பல வாரமும் குழு போட்ட காசும் போயிருக்கும். பூட்டு கேட்பது இதற்காகத்தான். நிரலுக்குப் பூட்டு கேட்கவில்லை, அங்கே நீங்கள் சொல்கிறபடியே நடக்கட்டும்.

ரெப்ராப்பில் பிரிந்தது உண்மை. பிரிந்த ஒவ்வொருவரும் தன் மேசையில் ஒரு முழு இயந்திரத்தைக் கட்டி ஓட்டிப் பார்த்துக்கொள்ள முடிந்தது. நம்மிடம் இருப்பது ஒரே ஏரி, ஒரே ஜோடி ஆக்சிஜன் சென்சார். பிரிந்து செய்ய நம்மால் கட்டுப்படியாகாது.

கிகேட்_பையன்

கட்டற்ற மென்பொருளிலும் எல்லாவற்றையும் எல்லோரும் தொடுவதில்லை. கிகேடையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் ஜான் பியேர் ஷாரா என்ற பிரெஞ்சுக்காரர் தனியாளாகத் தொடங்கியது. இன்றைக்கு நிரலுக்கு ஒரு குழு, சிம்பல்-ஃபுட்பிரிண்ட் நூலகத்துக்கு வேறு குழு. நூலகத்துக்கென்று தனி விதித்தொகுப்பு இருக்கிறது. எழுத்து எந்த உயரம், கோடு எந்தத் தடிமன், முதல் பின்னை எப்படிக் காட்டுவது என்பது வரை. அதன்படி இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கறார்தான் காரணம், முன்பின் தெரியாத ஒருவர் வரைந்த ஃபுட்பிரிண்டை நம்பி நான் போர்டு ஆர்டர் போடுகிறேன்.

கட்டற்றவன்

போர்டுக்குப் பூட்டு, சரி. செலவு இருக்கிறது, புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். புதிதாக வருகிறவர் கார்டு இல்லாமலும் ஏதாவது செய்ய வழி இருக்க வேண்டும். எதற்கும் யாரிடமும் கேட்கத் தேவையில்லாத வேலைகள் என்று ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்கட்டும். அது இல்லாவிட்டால் நான் சொன்ன கம்பெனிதான்.

எஸ்பி_ரோடு_சுற்றி

எல்லோரும் வரைவதைப் பற்றியே பேசுகிறீர்கள். வாங்குவது யார்?

எலக்ட்ரானிக்ஸ் உதிரிகள் விற்கும் எஸ்பி ரோட்டில் எனக்குப் பழக்கமான கடைகள் உண்டு, அதனால் இந்தப் பொறுப்பை நான் கேட்கிறேன். இதைப் பையைத் தூக்கிக்கொண்டு போகிற எடுபிடி வேலை என்று நினைக்காதீர்கள். டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் குழாய்க்குள் போட்டு ஒயரோடு வருமே, அதுதான். சந்தையில் கிடைப்பதில் நிறைய நகல். அசலுக்குள் இருக்கும் 64 பிட் அடையாள எண் 28 என்று தொடங்கும், பிற்பகுதியில் இரண்டு பைட் பூஜ்யமாக இருக்கும். நகல்களில் பெரும்பாலும் அந்த அமைப்பு இருக்காது. வாங்கிய கையோடு ஒரு சின்ன போர்டில் செருகி எண்ணைப் படித்துப் பார்த்துவிடலாம். இது தெரியாமல் வாங்கி வந்தால், ஏரியில் 85 டிகிரி என்று காட்டும்போது ஃபர்ம்வேர் எழுதியவரை எல்லோரும் திட்டுவார்கள். அந்த 85 சென்சார் விழித்தெழும்போது தன்னிடம் வைத்திருக்கும் தொடக்க எண். இன்னும் அளக்கவே இல்லை என்று அர்த்தம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். பிஓஎம்மில், அதாவது உதிரிப் பட்டியலில், ஒவ்வொரு வரிக்கும் எதிரே "மாற்றலாம்" அல்லது "மாற்றக் கூடாது" என்று டிசைன் செய்தவர் எழுதித் தர வேண்டும். 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் எந்தப் பிராண்டாக இருந்தாலும் சரி. ரெகுலேட்டர் மாற்றலாமா? கடைக்காரர் "இதுவும் அதேதான் சார்" என்பார். நான் கடை வாசலில் நின்று போன் போட்டால் யாரும் எடுப்பதில்லை.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஐடி வேலையில் இருப்பவர்கள் ஞாயிறு மட்டும்தான் வருவேன் என்றால் இந்தப் பொறுப்பை எடுக்காதீர்கள்.

வேதியியல்_டீச்சர்

ஃபிட்டர் அண்ணன் சொன்ன "அளக்கிறவர் வேறு ஆள்" என்பதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கருவி ஓடுவது வேறு, கருவி சொல்வது சரியாக இருப்பது வேறு. உங்கள் பட்டியலில் அளவுத்திருத்தத்துக்கு, அதாவது காலிபரேஷனுக்கு, ஆளே இல்லை.

கரைந்த ஆக்சிஜன் சென்சாரைக் காற்றில் வைத்து அளவுத்திருத்தம் செய்வார்கள். புத்தகத்தில் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் என்று இருக்கும். அது கடல் மட்டத்துக்கு. பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே 25 டிகிரியில் இங்கே நீர் பிடித்துவைக்கக்கூடியது சுமார் 7.4தான். சென்னைக்கான எண்ணை இங்கே போட்டால், ஏரி மூச்சுத் திணறும் நேரத்திலும் கருவி கொஞ்சம் கூட்டியே காட்டும். எந்த மீனுக்காக இதைச் செய்கிறோமோ அதற்கே துரோகம்.

பிஎச் எலக்ட்ரோடை யாரோ காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைத்திருந்ததை ஒரு படத்தில் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். வெறும் நீர் உள்ளிருக்கும் உப்பை இழுத்துவிடும், எலக்ட்ரோடு சீக்கிரம் கெட்டுவிடும். சென்சார்களை வைத்துப் பாதுகாக்கவும், பஃபர் கரைசல்களின் காலாவதித் தேதியைப் பார்க்கவும், எந்த எலக்ட்ரோடை யார் எப்போது அளவுத்திருத்தம் செய்தார் என்று ஒரு நோட்டில் எழுதவும் ஒருவர் வேண்டும். நான் செய்கிறேன். என் ஆய்வக அலமாரியில் இடம் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த நோட்டில் கையெழுத்து இல்லாத கருவியின் எண்களை எந்த வலைப்பக்கத்திலும் போடக் கூடாது.

அல்சூர்_கரை

டீச்சர், இந்த நிபந்தனையை அப்படியே ஏற்கிறேன். சேஃப்காஸ்ட் குழுவைப் பற்றிப் படித்தது ஞாபகம் வருகிறது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு தன்னார்வலர்கள் தாங்களே கதிர்வீச்சு அளவிகளைக் கட்டி, காரில் வைத்து ஊர் ஊராக ஓட்டி அளந்தார்கள். யார் வேண்டுமானாலும் அளவுகளை ஏற்றலாம். ஆனால் ஏற்றியதைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேறு தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கட்டுகிறவர், ஓட்டுகிறவர், ஒப்புக்கொள்கிறவர் என்று மூன்று வேலை. மக்கள் அந்த எண்களை நம்பியதற்கு அந்த மூன்றாவது ஆளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

புதுசு_2ஆம்_வருடம்

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறேன். குழுவில் சேர்ந்து இதுவரை ஒன்றும் செய்யவில்லை. சாலிடரிங் யூடியூப்பில்தான் பார்த்திருக்கிறேன். நீங்கள் பேசுவதில் பாதி புரிகிறது. என்னைப் போன்றவர்களுக்கு ஏதாவது இருக்கிறதா, அல்லது கற்றுக்கொண்டு வந்தால் போதுமா?

பீன்யா_ஃபிட்டர்

தம்பி, உனக்குத்தான் முக்கியமான வேலை இருக்கிறது. கற்றுக்கொண்டு வந்துவிட்டால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

ஒயிட்ஃபீல்டு_ஃபர்ம்வேர்

ஐயா சொல்ல வருவது எனக்குப் புரிகிறது. விரித்துச் சொல்கிறேன். திறந்த ஹார்டுவேர் என்று சொல்லிவிட்டுக் கோப்புகளை மட்டும் வலையில் போட்டால், அதை வேறு யாராலும் கட்ட முடியாமல் போவதுதான் வழக்கம். ஜெர்மனியில் 2020இல் டின் ஸ்பெக் 3105 என்று திறந்த ஹார்டுவேருக்கே ஒரு தரநிலை கொண்டுவந்தார்கள். அது முழுக்க ஆவணத்தைப் பற்றியதுதான். மற்றவர் படித்துப் பார்க்கவும், கட்டவும், பழுதுபார்க்கவும் தேவையானது எல்லாம் இருக்கிறதா என்பது கேள்வி. அதைச் சமூகத்தில் உள்ளவர்களே சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது.

தம்பி, உன் கையில் ஒரு கிட் கொடுப்போம்: வெற்று போர்டு, உதிரிகள், அச்சடித்த கையேடு. நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், ஆனால் வாயைத் திறக்க மாட்டோம். நீ எங்கே தடுமாறுகிறாயோ அந்த வரியில் பேனாவால் கோடு போடு. "டி1ஐச் சரியான திசையில் வைக்கவும்" என்று எழுதியிருப்போம். எது சரியான திசை என்று உனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், அதனால்தான் அந்தக் குறை எங்கள் கண்ணில் படாது. கோடு போட்ட ஒவ்வொரு வரியையும் ஆவணம் எழுதுகிறவர் திருத்த வேண்டும். ஒருமுறை கட்டிவிட்டால் உனக்கு அந்தப் பார்வை போய்விடும், அடுத்த ரிவிஷனுக்கு வேறொரு புதியவர் வேண்டும். அதற்குள் நீ சாலிடரிங்கில் தேறியிருப்பாய்.

இனேபிள் என்று 3டி பிரிண்டரில் செயற்கைக் கை செய்து தரும் தன்னார்வலர் கூட்டம் இருக்கிறது. புதிதாகச் சேர்பவர் முதலில் ஒரு மாதிரிக் கையைச் செய்து காட்ட வேண்டும். அதைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் நிஜக் குழந்தைக்குச் செய்ய அனுமதிப்பார்கள். புதியவருக்கு முழுப் பொருள் ஒன்று கையில் கிடைக்கிறது, யாருக்கும் ஆபத்தும் இல்லை.

புதுசு_2ஆம்_வருடம்

நான் தயார் அண்ணா. என் ரூம்மேட்டும் வரட்டுமா?

ஒயிட்ஃபீல்டு_ஃபர்ம்வேர்

வரட்டும். ஆனால் தனித்தனி மேசை. ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது.

மும்பை_தாராவி_தமிழன்

பெங்களூரு நண்பர்களுக்கு மும்பையிலிருந்து வணக்கம். 2020 கொரோனா நேரத்தில் இங்கே மேக்கர்ஸ் அசைலம் தொடங்கிவைத்த எம்19 முயற்சியை நான் வெளியிலிருந்து கவனித்தேன். முகத்துக்கு முன்னால் மாட்டும் ஒளிபுகும் கவசம், அதாவது ஃபேஸ் ஷீல்டு, செய்வது. 42 ஊர்களில் ஆட்கள் சேர்ந்து 49 நாளில் பத்து லட்சம் கவசம் செய்தார்கள். அவ்வளவு வேகம் எப்படி வந்தது என்று யோசித்தால், சமதளத் தாளை வெட்டி மடிக்கிற எளிய டிசைன், எந்த ஊரிலும் கிடைக்கிற பொருள். ஊருக்கு ஊர் ஆட்கள் தாங்களே வாங்கி, வெட்டி, பக்கத்து மருத்துவமனைக்குக் கொடுத்துவிடலாம்.

உங்கள் கருவி அவ்வளவு எளிதல்ல, தெரியும். இருந்தாலும் வண்டியூர்க்காரர் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டால், மிதவையாவது எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற நாலு அங்குல பிவிசி பைப்பில் இருக்கட்டும். கடைந்த மூடி அழகுதான், ஆனால் பீன்யா இல்லாத ஊரில் அதை யார் கடைவார்கள்?

பீன்யா_ஃபிட்டர்

உண்மை. கடைந்த மூடியை விட்டுவிடலாம். பிவிசி எண்டு கேப், கேபிள் கிளாண்டு, ஒட்டுவதற்குச் சால்வென்ட் சிமெண்ட். நான் ஒன்று செய்து, ஒரு வாளி நீரில் கல்லைக் கட்டி மூழ்கவைத்துப் பார்த்துச் சொல்கிறேன். உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பர் போட்டு வைத்தால் ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

காலை_நடை

நான் தினமும் அல்சூர் ஏரிக்கரையில் நடக்கிறவன், ஓய்வுபெற்றவன். டெக்னிக்கல் ஆள் இல்லை. ஒரு கேள்வி: நீரில் போட்ட பிறகு யார் பார்த்துக்கொள்வது? போன முறை சோதனைக்கு இறக்கியதைக் கொஞ்ச நாள் கழித்துத் தூக்கியபோது சென்சார் முனை முழுக்கப் பச்சையாகப் பாசி. அது ஏரியை அளக்கவில்லை, பாசியை அளந்தது.

வாரம் ஒருமுறை தூக்கி, மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, போட்டோ எடுத்து அனுப்ப எங்கள் நடைக் கூட்டத்தில் ஆள் இருக்கிறார்கள். காலையில் எங்களுக்கு நேரம் இருக்கிறது. எப்படித் துடைப்பது, எதைத் தொடக் கூடாது என்று ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், ஏரியில் ஒரு பொருளை மிதக்கவிட அனுமதி வேண்டும். கடிதம் கன்னடத்தில் இருந்தால் காரியம் நடக்கும். மிதவையின் மேலும் கன்னடத்தில் எழுதியிருக்க வேண்டும், என்ன கருவி, யாருடையது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்று. ஒன்றும் எழுதாமல் ஒயர் நீட்டிக்கொண்டு மிதந்தால், பக்கத்திலேயே மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவப் பிரிவு இருக்கிறது, யார் பார்த்தாலும் சந்தேகப்படத்தான் செய்வார்கள். குழுவில் தமிழர்கள் மட்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. என் நடைத் தோழர் ஒருவர் கன்னடக்காரர், மாநகராட்சி வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர், கடிதம் எழுதுவதில் கை தேர்ந்தவர். அவரைச் சேர்த்துக்கொள்ளலாமா?

அல்சூர்_கரை

சார், கேட்கவே வேண்டாம், நாளைக்கே கூட்டி வாருங்கள். இந்த இழையிலேயே எனக்கு மிகப் பெரிய உதவி உங்களுடையது. இனிமேல் குழுவில் எழுதுவதெல்லாம் இரண்டு மொழியிலும் இருக்கும்.

கட்டற்றவன்

உரிமத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இருபது பேர் கை வைத்த பிறகு எல்லோரிடமும் சம்மதம் வாங்க முடியாது. ஹார்டுவேருக்கு செர்ன் ஆய்வகத்தின் திறந்த ஹார்டுவேர் உரிமமான செர்ன் ஓஎச்எல் 2ஆம் பதிப்பு, அதில் எஸ், டபிள்யூ, பி என்று மூன்று வகை. எஸ் எடுத்தால் மாற்றி விற்கிறவரும் தன் மாற்றத்தைத் திறந்து வைக்க வேண்டும். நான் எஸ் பக்கம். புதியவர் சேரும்போதே "என் பங்களிப்பை இந்த உரிமத்தில் தருகிறேன்" என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். கருவி வெளியான பின், திறந்த ஹார்டுவேர் சங்கமான ஓஷ்வாவின் சான்றுக்கும் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை, நாமே உறுதிமொழி கொடுப்பதுதான், ஐஎன் என்று தொடங்கும் எண் கிடைக்கும். இந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன், ரிவிஷன் பிக்கு மட்டும். ஃபிட்டர் ஐயாவின் விதிப்படியே.

எஸ்பி_ரோடு_சுற்றி

ஒரு தர்மசங்கடமான விஷயம். பொறுப்பு எடுத்துக்கொண்டு காணாமல் போகிறவரை என்ன செய்வது? எல்லோருமே சும்மா வந்து உழைக்கிறவர்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்க வாய் வராது. கேட்காமல் விட்டால் வேலை நிற்கும். கேட்டால் மனுஷன் மனம் நோகும். ஒரு திட்டத்தில் இதனாலேயே நல்ல நண்பர்கள் இருவர் பேச்சை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

வேதியியல்_டீச்சர்

ஆளைக் கேட்காமல் வேலையைக் கேட்டால் போதும். வாரம் ஒரு நாள், எல்லாக் கார்டையும் வரிசையாகப் படிப்போம். ஒவ்வொன்றுக்கும் "நகர்ந்தது", "நகரவில்லை", "கை மாற்ற வேண்டும்" மூன்றில் ஒரு பதில். காரணம் சொல்ல வேண்டாம், கேட்கவும் வேண்டாம். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று இருபது பேருக்கு நடுவில் விளக்கம் சொல்ல யாருக்குமே பிடிக்காது. தொடர்ந்து இரண்டு முறை பதிலே வராவிட்டால் கார்டு பொதுப் பலகைக்குத் திரும்பிவிடும் என்று முதல் நாளே எல்லோரும் ஒப்புக்கொண்டால், அது யாரும் யாரையும் நீக்கியதாக ஆகாது. அவர் அதுவரை செய்ததற்கு அவர் பெயர் அந்த ரிவிஷனின் பட்டியலில் இருக்க வேண்டும். கடிதம் எழுதியவர், பாசி துடைத்தவர், கோடு போட்ட மாணவர் எல்லோர் பெயரும் போர்டு வரைந்தவர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில்.

இன்னொன்று, ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டாவது ஆள் ஒருவர். அவர் வேலை செய்ய வேண்டாம். கோப்பு எங்கே, சென்சார் எந்த அலமாரியில், கடைக்காரர் எண் என்ன என்று மட்டும் தெரிந்திருந்தால் போதும். என் அலமாரிச் சாவி இன்னொருவரிடமும் இருக்க வேண்டும்.

கிகேட்_பையன்

டீச்சர், சாவியை நான் வாங்கிக்கொள்கிறேன். காலிபரேஷன் எனக்குத் தெரியாது என்பதால் குறுக்கே வர மாட்டேன்.

அல்சூர்_கரை

சரி, நான் போட்ட தலைவர் பட்டியலை அழித்துவிட்டேன். ரிவிஷன் பிக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

போர்டு லேஅவுட் கிகேட்_பையனிடம், பூட்டும் அவரிடம். ஸ்கீமாட்டிக்கின் மூன்று தாள்களுக்கு மூவர் முன்வந்துவிட்டார்கள். பின் மேப் ஒயிட்ஃபீல்டு அண்ணாவிடம். கொள்முதல் எஸ்பி_ரோடு_சுற்றி, பிஓஎம்மில் மாற்றலாமா என்ற பத்தி நிரம்பாமல் அவர் கிளம்ப மாட்டார். மிதவை ஃபிட்டர் ஐயா. அளவுத்திருத்தமும் சென்சார் காப்பும் டீச்சர், எண்களை வெளியிடும் முடிவும் அவருடையதே. கட்டிப்பார்ப்பது இரண்டு மாணவர்கள். நீரில் இறங்கிய பிறகு காலை_நடை சாரும் தோழர்களும். உரிமம் கட்டற்றவன், கூடவே அவர் கேட்ட திறந்த பக்கத்தையும் அவரே நடத்தட்டும்: படம் எடுப்பது, கையேட்டைத் தமிழிலும் கன்னடத்திலும் படித்துத் திருத்துவது, உதிரி விலை ஒப்பிடுவது, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். வாரக் கார்டு வாசிப்பை நான் நடத்துகிறேன்.

காலியாக இருப்பது ஒன்று, ஆவணம். மாணவர்கள் கோடு போடும் வரிகளைத் திருத்தி எழுதப் பொறுமையான ஒருவர் வேண்டும். போர்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை, தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும். அந்தக் கார்டு நிரம்பும்வரை போர்டு ஆர்டர் போட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மும்பை_தாராவி_தமிழன்

ஆவணத்துக்கு நான் வரலாமா? நேரில் வர முடியாது. மாணவர்கள் கோடு போட்ட பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினால் இங்கிருந்தே திருத்தி எழுதுவேன். உங்கள் மேசையில் நடப்பதை நான் பார்க்க முடியாது என்பதே இதற்கு நல்லது, எழுதியிருப்பதை மட்டும் வைத்துத்தான் எனக்குப் புரிய வேண்டும்.

அல்சூர்_கரை

கார்டு உங்களுடையது. ரிவிஷன் ஏவின் கையேட்டை இன்றிரவே அனுப்புகிறேன். கிகேட்_பையா, மும்பைக்காரர் படித்து முடித்ததும் அசல் அளவுத் தாளை அச்சிட்டு வை, சனிக்கிழமை எஸ்பி ரோட்டிலிருந்து வரும் உதிரிகளை அதன்மேல் வைத்துப் பார்த்துவிடலாம்.